அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிய வான்

வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே அப்பா அவருடைய வாகனத்தின் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "குளிராத்தான் கிடக்கு" என்று திருப்தியாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற கிழவரின் பக்கம் திரும்பி "பொன்ஜூர்" என்றார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அது. இல்-பிசார் தீவின் தெருவோரங்களில் மிச்சப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பாவித்த மோட்டார்ஹோம் ஒன்றைப் பார்ப்பதற்காக அப்பா, அம்மா, நான் மூவரும் நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜில் இருந்து போயிருந்தோம். படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் அந்த வாகனத்துக்கு அப்பா வைத்த பெயர் 'வீட்டு வான்'.

அப்பா புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். அங்கே அவரோடு வேலை செய்த ஒருவர் இரண்டு தடவை வீட்டு வான் வாங்கி, இரண்டு தடவையும் ஏமாந்தவர். இரண்டு தடவை ஏமாந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. அவர் சொல்லச் சொல்ல அப்பா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நீ போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் பண்ணுவதில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இதுதான் முதல் வரி. கடைசி வரியின் கீழே மட்டும் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். 'தண்ணீர்' என்ற ஒரு சொல்தான் அந்த வரி. என்ஜினைத் திருத்தலாமாம், மழைத்தண்ணீர் ஊறிய மரத்தை ஒருவராலும் திருத்த முடியாதாம்.

எனக்கு அந்தத் தாளில் எந்த அக்கறையும் இருக்கவில்லை. எங்கள் வகுப்பில் கோடை விடுமுறை முடிந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து, எங்கே போய்க் கூடாரம் அடித்தோம் என்று சொல்வார்கள். நான் மூன்று வருடங்களாக எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருடம், நாங்கள் வீட்டு வான் வாங்கியாயிற்று, காஸ்பே கடலுக்குப் போகப்போகிறோம் என்று என் சிநேகிதியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாங்கப்போகிறோம் என்று சொல்லவில்லை, வாங்கியாயிற்று என்றே சொல்லியிருந்தேன்.

கிழவர் பிரெஞ்சு மட்டும்தான் பேசினார். அப்பாவின் பிரெஞ்சு வணக்கத்தோடும் எண்களோடும் முடிந்துவிடும். அம்மா வாயே திறக்க மாட்டார். ஆகவே நான் நடுவில் நின்றேன்.

அப்பா டயருக்கு முன்னால் குந்தியிருந்து, அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கங்களை விரலால் தடவிப் படித்தார். பின்னிரண்டும் அது செய்யப்பட்ட ஆண்டு. டயர் பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும் பத்து வயது கடந்திருந்தது. "என்னைவிடப் பெரிசு" என்றேன் நான். "ஓடாமல் நிண்டாலும் ரப்பர் வெடிக்கும். பரவாயில்லை, டயர் மாத்தலாம்" என்றார் அப்பா. என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது, புகையில்லை. பின் ஏணியால் கூரையில் ஏறி, காற்றுத்துளை மூடியைச் சுற்றியிருந்த பசையைப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார். இறங்கி வரும்போது அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, சிநேகிதியிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று முடிவுசெய்தேன்.

உள்ளே ஏறும்போது அம்மா படியிலேயே சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி அதற்குள் செருகினார்.

"வானுக்குள்ள ஏறுறதுக்கு ஏன் சப்பாத்தைக் கழட்டுறீர்?" என்று அப்பா சிரித்தார்.

"படுக்கை கிடக்கு, அடுப்புக் கிடக்கு. ஒரு ஆக்களின்ரை வீடுதானே" என்றார் அம்மா.

அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். பகல் முழுக்க மற்றவர்களின் சப்பாத்து அடையாளங்களைத் துடைப்பவர் வேறு எப்படி ஏறுவார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. கிழவர் மட்டும் அம்மாவின் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய சப்பாத்தையும் கழற்றினார்.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழாயில் தண்ணீர் ஓடியது, காஸ் அடுப்பு நீலமாக எரிந்தது. அப்பா டோர்ச்சை அடித்து அலுமாரி மூலைகளைப் பார்த்தார். அம்மா மூக்கைச் சுருக்கி, "ஈர மணம் ஒண்டு வருது" என்றார்.

"பூட்டிக் கிடந்த வாகனம், மணக்கும்தானே" என்ற அப்பா, தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, மழைத்தண்ணி எங்கையாவது உள்ளுக்கு வந்ததோ எண்டு கேள். வடிவாக் கேள்."

நான் கிழவரை நிமிர்ந்து பார்த்தேன். கேள்வியைக் கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் எனக்கு வந்தது. அதனால் வேறொன்றைக் கேட்டேன்.

"இதில் நீங்கள் கடலுக்குப் போயிருக்கிறீர்களா?"

கிழவர் அங்கிருந்த சிறிய மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பதில் சொன்னார். ஒவ்வொரு ஜூலையும் அவரும் மனைவியும் போவார்களாம். பாதை தெரிந்ததுதான் என்றாலும் மனைவி முன்னிருக்கையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டுதான் இருப்பாராம். இப்போது மனைவி முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம், கணவரையே அடையாளம் தெரிவதில்லையாம். மனைவியைக் கொண்டுபோய் விட்ட நாளுக்குப் பிறகு மூன்று பனிக்காலமாக வானைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தாராம். விற்பதற்காக ஒரு மெக்கானிக் வந்து என்ஜினையும் குழாயையும் சரிபார்த்தாராம், தான் மட்டும் ஒருநாளும் உள்ளே ஏறவில்லையாம். இன்றுதான் ஏறுகிறாராம்.

"இல்லையாம். ஒருநாளும் தண்ணி வரேல்லையாம்" என்றேன் நான்.

"உவ்வளவு நேரம் கதைச்சது அதுக்கோ?"

"மனுசிக்குச் சுகமில்லையாம். அதையும் சொன்னவர்."

அப்பா பாவம் என்று தலையை ஆட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் நடந்தார். அங்கே அகலமான படுக்கையும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கம்பளமும் இருந்தன. அப்பா அந்தக் கம்பளத்தின் மேல் சப்பாத்துக்காலோடு இரண்டு தடவை நடந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா சின்னச் சின்ன எட்டாக வைத்துக்கொண்டு போனார். ஜன்னல் மூலையை எட்டியதும் நின்றார். குதிக்காலை ஊன்றினார், எடுத்தார், திரும்பவும் ஊன்றினார்.

பிறகு, என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல், கிழவரைப் பார்த்து நேராகவே சொன்னார்.

"முசியூ, அத்தான்ஸியோன். செ மூயே."

கவனம் ஐயா, ஈரம். மருத்துவமனை நடைபாதையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வசனம். வேலைக்கு வெளியே அதை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கிழவர் வந்து சிரமப்பட்டு முழங்காலிட்டுக் கம்பளத்தை விலக்கினார். கீழே பலகை கறுத்திருந்தது. விரலால் அமர்த்தினார். பாலில் ஊறிய பாண் துண்டு மாதிரி விரல் உள்ளே போயிற்று. அவர் விரலை எடுக்கவில்லை. ஜன்னல் சட்டத்தின் ஓரமாக இறங்கிய தண்ணீர் தார்ப்பாய்க்குள் காயவும் வழியில்லாமல் மூன்று வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. அந்தப் பக்கம்தான் மனைவி படுப்பது என்று கிழவர் யாருக்கென்றில்லாமல் சொன்னார். அதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அம்மா குனிந்து அவருடைய முழங்கையைப் பிடித்து எழுப்பி, படுக்கையில் இருத்தினார். கம்பளத்தைத் திரும்ப இழுத்து, சுருக்கம் இல்லாமல் தடவி விட்டார்.

நாங்கள் இறங்கும்போது கிழவர் என்னிடம் சொன்னார்: "உன் அம்மாவுக்கு நன்றி சொல். எனக்குத் தெரியாது. பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு இதை விற்றிருப்பேன்." அதைச் சொல் மாறாமல் சொன்னேன். அன்று நான் முழுதாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான். அப்பா அதற்குள் காருக்குப் போய்விட்டார், அம்மா மட்டும்தான் கேட்டார்.

அம்மாவின் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். அவர் மட்டும் சப்பாத்தோடு ஏறியிருந்தால் என்று காரின் பின்னிருக்கையில் இருந்து திரும்பத் திரும்ப நினைத்தேன். அப்பாவின் கோபம் கிழவரின் மேல்.

"இந்த வயசிலை என்ன பொய். தண்ணி வந்ததோ எண்டு பிள்ளை கேட்டது. இல்லை எண்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுறார்."

"அவர் பொய் சொல்லேல்லை" என்றார் அம்மா.

"பின்னை?"

"அவருக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் விட்டால் பொய்யோ?"

அப்பா சமாதானமாகவில்லை. இன்றைக்கும், யாராவது பாவித்த வாகனம் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், என்ஜின் சூட்டையும் டயர் இலக்கத்தையும் சொல்லிவிட்டு, இல்-பிசாரில் ஒரு கிழவர் பச்சைப்பிள்ளையிடம் எப்படிப் பொய் சொன்னார் என்ற கதையையும் சொல்லுவார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பது எனக்குத் தெரியவர இன்னும் நாலைந்து வருடம் எடுத்தது. மருத்துவமனையில் ஒரு நோயாளி தன் மகனைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை அம்மா ஒருநாள் வீட்டில் விவரமாகச் சொன்னார். எந்த மொழியில் என்று கேட்டேன். "பிரெஞ்சிலைதான். கதைக்கத்தான் எனக்குக் கூச்சம். கேக்கிறதுக்கு என்ன? கட்டிலுக்குக் கீழை துடைக்கேக்கை எல்லாரும் தங்கடை கதையைச் சொல்லுவினம்" என்றார். அப்படியென்றால் அன்றைக்கும் விளங்கியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொன்னதில்லை.

அன்று தீவின் பாலத்தைக் கடக்கும்போது அப்பா இன்னும் கிழவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா முன்னிருக்கையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பாலம் முடியும் இடத்தில் மறுபடியும் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோலப் பார்த்தார். நான் இருக்கைப் பட்டி போட்டிருக்கிறேனா என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்து, பட்டியை நெஞ்சுக்கு முன்னால் இழுத்துக் காட்டினேன்.