கடலுக்குப் போய்விட்ட புளியங்கூடல் ஆறு

யாழ்ப்பாணத் தீவுகளில் ஆறு பார்க்கப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் சிரித்தார்கள். நியாயம்தான், அங்கே ஆறு கிடையாது. ஆனால் மாரிக்குப் புளியங்கூடல் வயல்களில் சேரும் வெள்ளம் வாய்க்காலாக ஓடி, சுண்ணாம்புக்கல்லில் ஒரு பொந்துக்குள் இறங்கி மறைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பொங்கல் விடுமுறையில் வவுனியாவிலிருந்து கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் காலை 7.10 பஸ், ஊர்காவற்றுறைக்கு ஒரு மணி நேரம். இறங்கி ஓர் ஆட்டோக்காரரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டேன்.

“ஆறோ? அது வாய்க்கால். ஆட்டோவிலை ஏறும், காட்டுறன்.”

போகவர ஆயிரம் ரூபாய்.

வாய்க்கால் நான்கடி அகலம்கூட இல்லை. வயலோரம் கலங்கலாகத் தொடங்கி, மண் மெலிந்து கல் தெரியும் இடத்தில் தெளிகிறது. கரையோடு அரை மணி நேரம் நடந்தோம். கல் காலைக் கிழிக்கும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் தண்ணீர் எங்கும் இறங்கி மறையவில்லை. உடைந்த கொங்கிரீட் கிடந்த ஒரு பள்ளத்தை நிரப்பி, வழிந்து, நேரே கடலுக்குப் போனது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

“பொந்து இதுதான். அந்த அக்கா அடைச்சவ,” என்று வேலிக்கு அப்பால் காட்டினார் ஆட்டோ அண்ணை.

அந்த அக்காவின் பெயரைச் செல்வராணி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும். தனியாக இரண்டு மாடுகளோடு இருக்கிறார். முந்திய மாரியில் அவருடைய கன்று பொந்துக்குள் விழுந்து செத்தது.

“இன்னொண்டு விழக்கூடாதெண்டு கல்லும் கொங்கிரீட்டும் கொட்டி அடைச்சனான். அந்தப் பொந்தாலைதான் என்ரை கிணறு நல்ல தண்ணியா இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?”

அடுத்த கோடையிலேயே கிணறு உப்பாகிவிட்டது. இந்தத் தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். மழை கல்லுக்குள் இறங்காவிட்டால் உப்பு மேலே வந்துவிடும். அந்த ஒழுங்கையில் இருக்கும் வீடுகளெல்லாம் அந்தக் கிணற்றில்தான் அள்ளின. இப்போது எல்லோரும் தண்ணீர்ப் பவுசர் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த மாரி மழைக்கு முன் ஆள் பிடித்துப் பொந்தை மூடிய கொங்கிரீட்டை உடைப்பித்தாராம். ஆழத்தில் இறுகியதை எடுக்க முடியவில்லை.

“இந்த மாரியோடை தண்ணி மாறாட்டி மாடுகளை வித்துப்போட்டுக் கிளிநொச்சிக்கு மகளிட்டைப் போறதுதான். இஞ்சை இருக்க ஏலாது.”

பிறகு கிணற்றில் அள்ளி ஒரு செம்பை நீட்டினார்.

“எங்கட நாக்குக்குப் பழகிப்போச்சு தம்பி, ஒண்டும் தெரியேல்லை. நீர் வெளியாள், குடிச்சுச் சொல்லும்.”

வருகிறவர்கள் எல்லோரிடமும் இப்படிக் கேட்பார் என்று அண்ணை பிறகு சொன்னார். போகிறவர்கள் தை முடிவதற்குள் போங்கள், பிறகு வாய்க்காலும் இராது. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். ஆனால் அந்தச் செம்பை நீட்டினால் மறுக்காதீர்கள், ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

நான் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

“உப்புத்தான் அக்கா.”

அவர் செம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைச் சருவச்சட்டியில் ஊற்றி மாட்டின் முன் வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஓம்,” என்றார். “விடியக்காலமையும் இந்த மாடு அதைத்தான் சொன்னது.”