பொட்டலத்தில் போன பக்கங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, எங்கள் வாசிப்புக் குழுவின் வீடியோ கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தோம். சென்னையிலிருந்து குழுவை நடத்தும் அக்கா, அம்மையார்குப்பத்துத் தறிக்கார அண்ணன், கனகம்மாசத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் கணவனும் மனைவியும் ஒரே கட்டத்தில், பெங்களூரில் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் மூன்று தோழிகள், நான். அரக்கோணம் சார் வரவில்லை. அன்றைக்குப் பேச்சைத் தொடங்கவேண்டியவர் அவர்தான். புத்தகமும் அவருடையது.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் நைனாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். பட்டம் வாங்கிவிட்டு, திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். நாள் முழுக்கக் காகிதத்தோடு இருந்தும் ஒரு கதையைப் பற்றிப் பேச ஆளில்லாமல் இருந்தவனுக்கு, போனில் தெரியும் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்கள் எவ்வளவு பெரியவை என்று சொன்னால் மிகையாகத் தெரியும். முதல் கூட்டத்தில் நான் தட்டுத்தடுமாறி ஏதோ சொன்னபோது, அரக்கோணம் சார் என் பேச்சை நிறுத்தி, "தம்பி சொன்னத இன்னொரு வாட்டி சொல்லட்டும், நான் எழுதிக்கிறேன்" என்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பேச்சை ஒருவர் எழுதிவைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்த மாதத்துக்கு அவர் சொன்ன நாவல் எங்கேயும் கிடைக்கவில்லை. மறுபதிப்பே வராத புத்தகம். தவறான ஸ்டேஷனில் இறங்கிவிட்டு, அந்த ஊரிலேயே தங்கிப்போகும் ஒரு பெண்ணின் கதை. தன்னிடம் ஒரு பிரதி இருக்கிறது என்று சார் சொன்னதும் நான் முந்திக்கொண்டேன். குடுங்க சார், ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன் என்றேன். ரயிலேறிப் போய் வாங்கிவந்தேன். துணி உறை போட்டு வைத்திருந்தார்.

எங்கள் தொழிலில் புத்தகத்தை விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் எடுப்பது கிடையாது. புத்தகத்தின் முதுகை மிஷினில் வெட்டி, தாள் தாளாக்கி, தானே இழுத்துக்கொள்கிற ஃபீடரில் விடுவோம். பத்து நிமிட வேலை. கைடு புத்தகங்களை நூறு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். சாரிடம் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் புதிதாகக் காலிகோ துணி ஒட்டி பைண்டிங் போட்டுக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பக்க ஓரங்களில் பென்சில் கிறுக்கல் இருந்தது. பழைய புத்தகம் என்றால் இருக்கும்தானே. சுத்தமான நகல் எடுப்பதில் எங்கள் கடைக்குப் பேர். அழுக்கெல்லாம் போய் அச்செழுத்து மட்டும் விழுகிற மாதிரி மிஷினை வைத்துத்தான் எடுத்தேன். அனுப்பியதும் குழுவில் எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். தாள்களைச் சணல் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்தேன். அது பில் போடாத வேலை என்பதால் பேர் எழுதிய சீட்டு செருகவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் கிருத்திகை. காலையில் கடை திறக்கும்போதே சாரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"தம்பி, படம் பளிச்சினு வந்துகீது. ஓரத்துல எழுத்து ஒண்ணுங்கூட இல்லியே, இன்னா ஆச்சு? அது எங்க வீட்ல எழுதனது. அவங்க போயி நாலு வருஷம் ஆவுது. கடைசிப் பக்கத்துல மட்டும் ஒரு அஞ்சாறு வரி எழுதியிருப்பாங்க, அத போட்டோ புடிச்சி அனுப்பு. அத படிச்சிட்டுத்தான் நாளைக்குப் பேச ஆரம்பிக்கணும்."

அலமாரியில் கட்டு இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "சீட்டு இல்லாம கெடந்துச்சிடா. நேத்து கழிவோட பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போய் வா என்றார்.

பழைய பேப்பர் கடைக்காரர் யோசித்துச் சொன்னார்: சின்னத் தாளாக இருந்ததால் மலையடிவாரத்துத் திருநீற்றுக் கடைக்கு அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். பொட்டலம் மடிக்க அந்த அளவுதான் தோது.

அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. காவடிகளுக்கு நடுவே நுழைந்து கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்கார அம்மா பேசிக்கொண்டே மடித்துக்கொண்டிருந்தார். மடியில் எங்கள் நாவல். கட்டு கவிழ்ந்த வாக்கில் வந்திருக்கிறது. அதனால் கடைசியிலிருந்து மடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மடிக்காமல் மிச்சம் இருந்தவை ஆரம்பத்து முப்பத்தொரு தாள். அவற்றைச் சும்மாவே கொடுத்துவிட்டார். எனக்கு வேண்டியது முதலில் மடித்தது. அது காலை பஸ்ஸில் வந்தவர்கள் கையோடு போய்க்கொண்டிருந்தது.

மற்றப் பொட்டலங்கள் தட்டுத் தட்டாகக் குவிந்திருந்தன. எந்தத் தாள் எந்தப் புத்தகம் என்று வெளியிலிருந்து தெரியாது. எல்லாம் ஒரே பழுப்பு. ஒன்றைப் பிரித்தேன். ஏதோ பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம்.

"பிரிச்சினா நீதான் எடுத்துக்கணும்பா. பிரிச்சத யாரு வாங்குவாங்க?" என்றார் அந்த அம்மா. நியாயம்தான். ஒன்று பத்து ரூபாய்.

தறிக்கார அண்ணனுக்குப் போன் செய்தேன். அழுகிற குரலில் சொன்னேன் என்று பிறகு அவர் சொன்னார், எனக்கு நினைவில்லை. தறியை நிறுத்திவிட்டு பைக்கில் வந்தார். அதுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. போனில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். இருவரும் கடை ஓரமாக உட்கார்ந்து வாங்கி வாங்கிப் பிரித்தோம். திருநீற்றை ஒரு பையில் கொட்டினோம், தாளை நீவி எண் பார்த்தோம். நூற்று நாற்பது. எண்பத்தொன்பது. மறுபடி கணக்குப் புத்தகம். சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது.

"இன்னா நைனா, கடைய வாங்கிட்டு வூட்லயே கோயிலு கட்டப் போறீங்களா?" என்றார் கடைக்கார அம்மா.

"ஆங், நீங்கதான் பூசாரி" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்கும்போது இதுதான் இதுதான் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் இல்லை. தாள்களின் ஓரத்தில் பென்சில் எழுத்து, சாம்பல் ஏறி மங்கி, ஆனால் படிக்க முடிகிற மாதிரி. 'இவளுக்கு இந்த ஊரில் யார் சோறு போடுவார்கள்?' 'இவர்போல் பேசுகிறான்.' நான் அழுக்கு என்று துடைத்தது இதைத்தான்.

ஆந்திரா புத்தூரிலிருந்து வந்த கூட்டம் காலையில் நிறைய வாங்கியது என்று அந்த அம்மா சொன்னதும், வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். அண்ணன் தெலுங்கில் பஸ் பஸ்ஸாக ஏறிக் கேட்டார். சாமி பிரசாதத்தை யார் பிரிப்பார்கள்? எங்களைத் திட்டினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், எங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ, திருநீற்றை முந்தானையில் கொட்டிக்கொண்டு தாளைக் கொடுத்தார். நூற்றுத் தொண்ணூற்றேழாம் பக்கம். புத்தகம் இருநூற்றெட்டில் முடிகிறது. அதற்குள் முன்னால் நின்ற இரண்டு பஸ்கள் கிளம்பிவிட்டன. ஒன்றின் பின்னால் நான் கொஞ்சதூரம் ஓடினேன்.

ஞாயிறு காலை அரக்கோணம் போனோம். நூற்று நான்கு தாளில் எழுபது கையில் இருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன், வெட்டியதிலிருந்து. சார் தாள்களை எண் வாரியாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

அந்த வரிகள் என்னவென்று உங்களுக்கு நினைவிருக்குமே சார், சொன்னால் நான் எழுதித் தருகிறேன் என்றேன். இவ்வளவு முட்டாள்தனமாக நான் எதையும் சொன்னதில்லை.

"புக்குல இருக்குதேன்னு மனப்பாடம் பண்லப்பா" என்றார்.

எங்களைக் காபி குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். ரயில் திருத்தணிக்கு வருவதற்குள் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

மாலைக் கூட்டத்தில் இதையெல்லாம் நானே சொன்னேன். என்னை நீக்கிவிடுங்கள் என்றும் சொன்னேன். அக்கா, ஓரங்களில் என்னென்ன படித்தீர்கள், நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஏழு வந்தது, அண்ணனுக்கு நான்கு. மருந்துக்கடை அம்மா எழுதிக்கொண்டார், சாருக்குத் தபாலில் அனுப்ப. அந்த நாவலைப் பற்றி அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை.

முடிக்கும்போது அண்ணன், செலவைத் தம்பி தலையில் கட்டாதீர்கள், நாம் எல்லோரும் கேட்ட புத்தகம்தானே என்றார். நான் வேண்டாம் என்றேன், யாரும் கேட்கவில்லை. திருநீற்றுப் பை என் பக்கத்திலேயே இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பொட்டலம், ஆளுக்கு நூற்று நாற்பது, மொத்தம் ஆயிரத்து நூற்று இருபது ரூபாய்.