சூடேறினால் ஏறும் சுருதி

பல மாதங்கள் வேலை பார்த்து, விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டு, ஒரு மாலையில் அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். இசை வரவில்லை. மரவள்ளிக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வானொலியின் பண்ணைச் செய்தி. நீளநீளமாக நான் இழுத்திருந்த ஒயர்கள் எல்லாம் ஏரியலாகி, எங்கிருந்தோ அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டன.

என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கு நம்மூட்டு ரேடியோவே போதாதுங்களா?"

நான் சுவிட்சை அணைத்தேன். பதில் சொன்னால் சண்டையாகியிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் சங்ககிரியில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன். என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவனுக்குச் சேலத்தில் ஜவுளிக்கடை. எல்லோருக்கும் அவன் பாய், எனக்கும் பாய். பகலில் துணி கிழிப்பான், முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளில் ஓர் இசைக்குழுவோடு ஹார்மோனியம் வாசிப்பான். அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகளில் கம்பியைப் பிடித்து இழுத்து விடுவதுபோல ஒரு புதுச் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. ஜனங்கள் மேடைக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஹார்மோனியத்தில் அதற்கு வழியில்லை. சிந்தசைசர் என்ற கருவியில் வருவது அது என்று விசாரித்து வந்த பாய், அதை வாங்குகிற வசதி நம் பக்கம் யாருக்கும் இல்லை என்பதையும் விசாரித்துவிட்டு நேராக என் பட்டறைக்கு வந்தான்.

"லாரிக்கு ஹாரன் கட்டுறவன்தானே நீ? அதையே கொஞ்சம் பெருசா கட்டு, மாப்ள."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் என் நிம்மதி போனது.

நாங்கள் கட்ட நினைத்தது ஒரே கருவி அல்ல, பல துண்டுகள். ஒன்று சத்தத்தை உண்டாக்கும். இன்னொன்று அந்தச் சத்தத்தின் கூர்மையைச் சீவும். மற்றொன்று அது எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். வாசிப்பதற்கு ஒரு பழைய ஹார்மோனியத்தின் கட்டைகள். எல்லாவற்றையும் ஒயர்களால் நாமே இணைக்க வேண்டும். ஒயரை மாற்றிச் செருகினால் சத்தமும் மாறும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

சர்க்யூட் படம் ஒரு கல்லூரி நூலகத்தில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இருந்தது. வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். அங்கே படித்த உறவுக்காரப் பையனோடு பாயே உள்ளே போய், உட்கார்ந்து, கையாலேயே வரைந்து வந்தான். ரூல்தடி வைத்துப் போட்ட கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. பார்த்துப் பார்த்து ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி புகை. படத்தில் ஓரிடம் கூட விடாமல் சரிபார்த்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் ஒயர்கள் சேர்கின்றன என்று அர்த்தம். புள்ளி இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று சும்மா தாண்டிப் போகின்றன. பாயின் படத்தில் குறுக்கிட்ட இடத்திலெல்லாம் புள்ளி இருந்தது.

"இந்தப் புள்ளியெல்லாம் பத்திரிகையிலேயே இருந்துச்சா பாய்?"

"சிலதுல இருந்துச்சு, சிலதுல இல்ல. அவங்க மறந்துட்டாங்கன்னு நெனச்சு எல்லாத்துக்கும் வெச்சுட்டேன். பார்வைக்கு நல்லாருக்குல்ல?"

எது அவன் வைத்த புள்ளி, எது பத்திரிகை வைத்தது என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு புள்ளியாக உட்கார்ந்து யோசித்து அழித்தேன்.

சாமான்களுக்குப் பம்பாய் போகும் லாரி டிரைவர்களை நம்பியிருந்தேன். டிரான்சிஸ்டர் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவேன். ஒரு டிரைவர் போய்த் திரும்பி வந்து, பொட்டலத்தைப் பெருமையோடு நீட்டினார். "நீங்க எழுதுனது இல்லீங்களாம். அதைவிடப் பெருசா இதைக் குடுத்தாங்க." மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை. தூசியிலும் வெயிலிலும் மறக்காமல் கடை தேடிப் போயிருக்கிறார். அந்தப் பெரிய டிரான்சிஸ்டர்கள் எதற்கும் உதவாமல் டப்பாவில் கிடந்தன.

பெட்டியின் முகப்புக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டச் சொன்னேன். வாங்கப் போனபோது அதைச் சுற்றிலும் மஞ்சள் பூக்கள் வரைந்து, மேலே சிவப்பில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தார்கள். பெயிண்டர் சொன்னார், "சும்மா மொட்டையா இருந்துச்சுங்க." அழித்துத் தரச் சொன்னால் வருத்தப்படுவாரே என்று அப்படியே எடுத்து வந்தேன்.

ஒயர்களைக் குட்டையாக்கி, தகர உறை போட்டு, பண்ணைச் செய்தியை ஒருவழியாக விரட்டினேன். அதன்பின் சத்தம் வந்தது. நிஜமான சத்தம், மேலே போகிறது, கீழே வருகிறது, இழுக்கிறது. பாய் கைதட்டினான். ஹார்மோனியத்தோடு சுருதி சேர்த்து வைத்துவிட்டுக் காபி குடித்தோம். திரும்பி வந்து பார்த்தால் சுருதி வேறு எங்கோ போயிருந்தது.

மறுபடி சேர்த்தோம். மறுபடி போனது. கரண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் விழும், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஸ்டெபிலைசர் வைத்தேன். பவர் சப்ளையைப் பிரித்து மறுபடி கட்டினேன். எதுவும் மாறவில்லை. ஒரு மதியம் நான் தரையில் உட்கார்ந்து, ஒரே சுரத்தில் ஒலிக்க விட்ட பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தேன். மேஜை ஃபேன் தலையை ஆட்டியபடி சுற்றிக்கொண்டிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அது ஏனுங்க இப்படி ஊஞ்சலாடுது? ஃபேனு அக்கட்டால போறப்பக் கத்துது, இக்கட்டால வாறப்ப அடங்குது. கேக்கவே மயக்கமா வருது."

ஃபேனை நிறுத்தினேன். சுருதி மெல்ல ஏறியது. ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் போட்டேன், இறங்கியது. பிழை கரண்டில் இல்லை, சூட்டில். சுருதியைத் தீர்மானிக்கிற அந்த ஒற்றை டிரான்சிஸ்டர், கொஞ்சம் வெப்பம் கூடினாலும் மேலே ஓடிவிடுகிறது. சேலம் ஜில்லாவில், சித்திரை மாதத்தில், சூடு ஆகாத ஒரு கருவியை நான் எங்கே போய்க் கட்டுவது?

"இன்னும் ஆகலை, கொஞ்சம் பொறு" என்று பாயிடம் சொன்னேன். அவன் அதற்குள் ஆத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு, புதுக் கருவியோடு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

போனோம். மேடையில் காற்றோட்டமான மூலையாகப் பார்த்துப் பெட்டியை வைத்தேன். சுருதி சேர்த்தேன். பாய் வாசிக்க, முதல் பாட்டு ஒழுங்காகவே போனது. இரண்டாவது பாட்டு பாதியில் வீடியோ எடுப்பவர் மேடைக்கு வந்தார். அவருடைய உதவியாள் ஒரு பெரிய லைட்டைத் தூக்கிப் பிடித்து, என் பெட்டியின் பூக்களுக்கு நேராக நின்றுகொண்டான். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சூடு.

சுருதி ஏற ஆரம்பித்தது.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் திருப்புளியோடு குமிழுக்குப் பாய்ந்தேன். அதற்குள் எங்கள் பாடகி, பகலில் பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல காது உள்ளவர், பெட்டி போகிற இடத்துக்குத் தானும் பாட்டைக் கூட்டிக்கொண்டு போனார். வயலின்காரரும் வழுக்கிக்கொண்டே பின்னால் போனார். தபலாக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பாடகியின் கழுத்து நரம்பு புடைத்தபோது வீடியோக்காரர் பந்தி ஞாபகம் வந்து, லைட்டோடு இறங்கிப் போனார். சுருதி மெல்ல இறங்கியது. பாட்டும் இறங்கியது.

பாட்டு முடிந்ததும் பாடகி மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அண்ணா, உங்க பெட்டி எந்த ஊருக்குப் போவுதுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நானும் டிக்கெட் எடுத்துக்குவேன்."

எனக்கு மேடைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் என்னை நிஜமாகவே வெறுப்பேற்றியது அதற்குப் பிறகு நடந்தது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பப் புதுசா இருந்துச்சுப்பா. அந்த ஏறி எறங்குற பாட்டை இன்னொரு தடவை போடுங்க."

"அதுக்கு வீடியோ லைட்டு வேணுங்களே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாய் என் காலை மிதித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். ஆகவில்லை என்று சொன்னேனா இல்லையா? அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "ஜனத்துக்குப் பிடிச்சுருச்சு. உனக்குத்தான் பிடிக்கல" என்றான். அதன்பின் பல மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த மாதங்களில்தான் வேலை நடந்தது. ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தேடி எடுத்து, முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்றின் பிழையை மற்றொன்று கழிக்கும்படி கட்டினேன். ஒரே மாதிரி இரண்டு கிடைப்பதற்கு எத்தனையோ சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மார்கழியில் ஒரு காலை, பாய் தானாகவே வந்து நின்றான். "வேலைக்காவுமா, மாப்ள?" நான் சுவிட்சைப் போட்டேன். அவன் உட்கார்ந்து ஒரு மெல்லிய ராகத்தை எடுத்தான். சுருதி வைத்த இடத்திலேயே நின்றது. அந்த ஒலி வீட்டுச் சுவர்களுக்குள் தேன்போலக் கெட்டியாகப் பரவியது. மனைவி கையில் கரண்டியோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் முடிக்கும்வரை அசையவில்லை. "இது நல்லாருக்குதுங்க" என்றாள். அந்தக் காலைக்காக இன்னொரு தடவை கூட விரலைச் சுட்டுக்கொள்வேன்.

அடுத்த கோடையில் பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தான். கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற அளவு. பாட்டரியில் ஓடியது. அதை வெயிலில் வைத்தேன், ஃபேனுக்கு எதிரே வைத்தேன், வேண்டுமென்றே குலுக்கினேன். சுருதி ஒரு நூல் அசையவில்லை.

பாய் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "உன் பொட்டியும் வேணும், மாப்ள. அந்த இழுப்பு இதுல இல்ல."

அப்படித்தான், பல கோடைகள், ஒரே ஓர் இழுப்புக்காக அந்தப் பூப்போட்ட தகட்டைப் பஸ்ஸிலும் வேனிலும் சுமந்தேன். மேடையோரம் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பவனை எல்லோரும் மைக்செட்காரன் என்றே நினைத்தார்கள். சங்ககிரியில் ஒரு கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா அருகே வந்து, என் கையையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மிக்ஸி ரிப்பேர் பாப்பீங்களா?"

எனக்குச் சுரீரென்று வந்தது. இருந்தாலும், "கொண்டாங்க" என்றேன்.