முன் சீட்டில் ஐந்து வியாழக்கிழமை

எங்கள் வீட்டுக்காரர் பாட்டு இல்லாமல் கார் ஓட்டமாட்டார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சாமான் தூக்குகிற வண்டி ஓட்டும் வேலை அவருக்கு. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து குளித்துப் பசியாறிவிட்டு, எங்காவது போக வேண்டியிருந்தால் தூங்காத அந்தக் கண்ணோடேயே காரை எடுப்பார். பாட்டு இருந்தால்தான் தூக்கம் வராது என்பார். அது உண்மைதான்.

முதலில் வாங்கின பழைய காரில் ரேடியோ மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு திருகு. இடது பக்கத் திருகு சத்தத்துக்கு, வலது பக்கத் திருகு ஸ்டேசனுக்கு. தமிழ் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிள்ளான் பாலத்தில் ஏறினால் சீனப் பாட்டு உள்ளே புகுந்துவிடும். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டி ஒரு திருகு திருகி மறுபடி தமிழைக் கொண்டுவந்துவிடுவார். கைக்கே தெரியும் எது எங்கே என்று.

தொண்ணூறுகளில் அடுத்த கார் வாங்கினபோது சிடி பெட்டி வைத்தார். கிள்ளான் டவுனில் கார் சாமான் விற்கும் ஒரு சீன முதலாளியின் கடை; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் எஸ்டேட் பக்கத்தில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். பெட்டியின் முன் மூஞ்சியைத் தனியாகக் கழற்றலாம். இறங்கும்போதெல்லாம் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திருடன் கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவான் என்று சொல்லிக் கொடுத்தார். அதனால் அந்த மூஞ்சி என் கைப்பையில் குடியேறியது. தைலம், சீப்பு, சில்லறை, நடுவில் கைக்குட்டையில் சுற்றின சிடி மூஞ்சி. ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “என்னக்கா, கணக்குப் போடுற மிசினா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த மூஞ்சியில் திருகு கிடையாது. எல்லாம் குட்டிக் குட்டிப் பொத்தான், எல்லாம் ஒரே அளவு. தொட்டுப் பார்த்தால் எது என்ன என்று தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். அவரும் ஓட்டிக்கொண்டே குனிந்து பார்ப்பார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். எப்போதும் எனக்குப் பின் சீட்டுதான். முன்னால் உட்கார்ந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். பெல்ட்டை வேறு நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து மாட்ட வேண்டும்.

சிடி பெட்டி வைத்த வருசம் என் தங்கச்சிக்குக் கண் ஆபரேசன் நடந்தது. அவள் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தனி ஆள். சர்க்கரை வந்து ஒரு கண் முன்னாடியே போய்விட்டது. மிச்சம் இருந்த கண்ணைத்தான் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரி செய்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலையில் அடிபடவே கூடாது, ஆறு வாரத்துக்கு வியாழன் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளைக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

முதல் வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூசை. காரைக் கழுவி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. ஸ்டியரிங்குக்கு வைத்தேன், கண்ணாடிக்கு வைத்தேன். “புதுசா வந்தது அதுதான், அதுக்கு நல்லா வை” என்றார் சிடி பெட்டியைக் காட்டி. சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் குழைந்திருந்தது. பெரிதாகவே மூன்று பொட்டு வைத்தேன். வழிந்ததைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைப்பதா என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஃபெடரல் ஹைவேயில் போனோம். தங்கச்சியும் நானும் பின்னால். அவள் கண்ணுக்கு மேல், உள்ளிருந்து வெளியே தெரிகிற பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. அவளும் அவரும் எப்போதும்போல வாயடித்துக்கொண்டு வந்தார்கள்.

“அத்தான், தலை வலிக்குது. உங்க கச்சேரியைக் கொஞ்சம் குறைங்க.”

“நோயாளி சொன்னா சரி லா” என்று அவர் கையை நீட்டினார். சத்தம் குறையவில்லை. ஏறியது. மறுபடி அழுத்தினார், இன்னும் ஏறியது. ஏற்றுகிற பொத்தான் உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் குனிந்து நகத்தால் அதை நெம்பினார்.

கார் மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பக்கம் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தது பாட்டுச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. லோரியின் சக்கரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் நிமிர்ந்தார். ஒரே வெட்டாக வெட்டி பிரேக்கை மிதித்தார். தங்கச்சியின் தலை முன் சீட்டை நோக்கிப் போனது. நான் கையை நடுவில் கொடுத்தேன். என் புறங்கை சீட்டுக் கம்பியில் மோதியது, அவள் நெற்றி என் உள்ளங்கையில் விழுந்தது.

ரோட்டோரம் நிறுத்தினோம். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியின் மூஞ்சியைப் பிடுங்கி எடுத்தார். அப்புறம்தான் அமைதியானது.

“அத்தான்” என்றாள் தங்கச்சி. “எனக்கு இருக்கிறது ஒரு கண்ணு. அதையும் உங்க பாட்டுக்குக் குடுக்கணுமா?”

அவர் மெதுவாகக் காரைக் கிளப்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தையல் நல்லபடி இருக்கிறது என்றார்கள். திரும்பும்போது பாட்டே இல்லை. பத்து தீகா என்ற இடத்தில் டோல் காசு கட்டும் வரிசையில் நிற்கும்போது அவர் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்த கார்க்காரன் ஹாரன் அடித்து எழுப்பினான். தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். “அடுத்த வாரம் நான் வரல. மருந்து இருக்கு, வீட்லயே ஊத்திக்குறேன்.”

“இருபது வருசமா ஓட்றேன். என் வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம்” என்றார் அவர்.

“காட்டியிருப்பேன் அத்தான். பார்க்கத்தான் கண்ணு இருந்திருக்காது.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றால் காலையில் நிற்கக்கூட இடம் இருக்காது, யாராவது முழங்கையால் இடித்தால் போச்சு. காட்டாமல் விட்டால் கண் என்ன ஆகுமோ தெரியாது. இரண்டு பேரிடமும் பேச எனக்கு வாய் வரவில்லை. சந்தனம் வைத்தது நான் என்பதும் மனசில் குத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கைப்பையிலிருந்து மூஞ்சியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பொத்தான் இடுக்கில் எல்லாம் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஊசியால் கிளறினேன், வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். துணையில்லாமல் அந்த மாதிரிக் கடைக்கு நான் போனதே இல்லை. உள்ளே மூன்று ஆம்பளைகள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று வெளியே டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். போனபாடில்லை. கடைசியில் தவுக்கேயே வெளியே வந்தார்.

“என்ன ஆன்டி, டயர் வாங்கவா நிக்கிறீங்க?”

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். அவர் மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய் முகர்ந்தார். “வாசனையா இருக்கு. ரேடியோவுக்கு யாராவது பூசை போடுவாங்களா?”

“எல்லாத்துக்கும்தான் போடுவோம்” என்றேன்.

“போடுங்க லா. ஆனா பக்கத்துல வைங்க, மேல வைக்காதீங்க.” ஒரு தண்ணி மருந்தைத் தொட்டு, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஓட்டுறவர் இதைத் தொடவே கூடாது ஆன்டி. வண்டி கிளம்புறதுக்கு முந்தியே சிடி போட்டு, சத்தம் வச்சிடணும். ஹாரன் காதுல விழுற அளவுக்குத்தான் சத்தம். மாத்தணும்னா வண்டி நிக்கணும், இல்ல பக்கத்துல இருக்கிறவங்க மாத்தணும். பக்கத்துல யாரு உட்கார்றது?”

“யாரும் இல்ல. கைப்பைதான்.”

“அப்போ கைப்பைக்குச் சொல்லிக் குடுக்கவா?”

எனக்குத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருசப் படிப்புதான், பொத்தானில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். சிடி போட, எடுக்க, சத்தம் ஏற்ற, இறக்க, அடுத்த பாட்டுக்குப் போக, ஐந்து மட்டும் போதும் என்று சொல்லி இரண்டு தடவை காட்டினார். சாவியை ஒரு தட்டு மட்டும் திருப்பினால் இன்ஜின் ஓடாமலே பாட்டு வரும் என்பதையும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டுபோய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மறக்காமல் இருக்கச் சத்தம் குறைக்கிற பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, அடுத்த பாட்டுக்குப் பச்சை என்று ஒட்டினேன். பார்க்காமல் தடவியே கண்டுபிடிக்கிற வரைக்கும் அழுத்தி அழுத்திப் பழகினேன். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தங்கச்சி நின்றது எனக்குத் தெரியாது.

“அக்கா, யார்கூட ஓடிப் போற?”

வெட்கத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அவளிடம் சொன்னேன். இனிமேல் நான் முன்னால் உட்காருவேன், அவர் கை இந்தப் பக்கம் வராது, பாட்டும் இருக்கும், அவரும் தூங்கமாட்டார், நீ வா என்று.

“அவர் கை நீட்டினா?”

“தட்டிவிடுவேன்.”

“நீயா?” என்று சிரித்தாள். “அதைப் பார்க்கிறதுக்காகவே ஒரு தடவை வரேன். ஒரே தடவை. கை பட்டுச்சுன்னா அங்கேயே இறங்கிடுவேன்.”

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாளைக்கு வருவதாக அவளே அவரிடம் சொன்னாள், ஆறு நாள் கழித்துப் பேசின முதல் பேச்சு. அவர் என்னைப் பார்த்தார். “என் வண்டிக்கு நீ கண்டக்டரா?” என்றார். நான் அவருக்குக் குழம்பு ஊற்றினேன்.

வியாழக்கிழமை பெல்ட்டை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். கிளம்புமுன் சிடி போட்டு, சத்தத்தை வைத்தேன். தெரு முனையில் பக்கத்து வீட்டம்மா நின்று பார்த்தாள், நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். ஷா ஆலம் தாண்டினதும் பிடிக்காத பாட்டு ஒன்று வந்தது. பழக்கத்தில் அவர் கை நீண்டது.

“கையை எடுங்க” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கை வந்துகொண்டே இருந்தது. நான் என் உள்ளங்கையை மூஞ்சிமேல் வைத்து மூடிக்கொண்டேன். அவர் விரல் என் புறங்கையில் பட்டது. முந்தின வாரம் அடிபட்ட இடம், இன்னும் நீலமாக இருந்தது. அவர் அதைப் பார்க்கத் திரும்பினார்.

“முன்னால பாருங்க!” என்று கத்தியேவிட்டேன்.

கை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து, “அத்தான், கேட்டீங்களா? அக்காவுக்குப் பேச்சு வந்துருச்சு” என்றாள் தங்கச்சி.

அதற்குப் பிறகு வந்த வியாழனெல்லாம் அப்படியேதான். டோலிலோ சிவப்பு விளக்கிலோ வண்டி நின்றால்தான் பாட்டை மாற்றுவேன். “அடுத்ததுக்குப் போ” என்பார். “நிக்கட்டும்” என்பேன். “நான் என்ன பள்ளிக்கூடத்துலயா இருக்கேன்?” என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே வந்ததில் தூங்கவே இல்லை. ஆஸ்பத்திரி முடிந்து பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட இறங்கும்போது மூஞ்சியைக் கழற்றுவதும் மாட்டுவதும் நானே.

கடைசி வியாழன் டாக்டர் மூடியை எடுத்துவிட்டு, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். தங்கச்சி ஐந்தாவது வரிவரை படித்தாள். ஆறாவது வரியில் இரண்டு எழுத்துத் தப்பு. போதும், வேலைக்குப் போகலாம் என்றார்.

திரும்பும்போது அவள் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் வந்த பலகையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். சுங்கை வே, சுபாங், ஷா ஆலம், டயர் கடை, ஒரு ஐஸ்கிரீம் விளம்பரம். அவர் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

“பாட்டைக் குறை” என்றார் என்னிடம். “அவ படிக்கிறது கேக்கல.”

நான் பாட்டை நிறுத்தியேவிட்டேன்.