எதையும் எடுக்காத கப்பல்

பூப்போட்ட துணியை விலக்கிச் சுவிட்சைப் போட்டதும் அந்தத் தடித்த கண்ணாடித் திரை மெல்லிய ஓர் இரைச்சலோடு விழித்துக்கொள்ளும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முழங்கைக்குக் கீழேயுள்ள பூனைமயிர் எல்லாம் எழும்பித் திரையைப் பார்த்து நிற்கும். பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளிலிருந்து சூடேறிய தூசியின் மணம் வரும். இன்றைக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டி எதற்காவது பக்கத்தில் போக நேர்ந்தால் அந்த மணம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. ஊரெல்லாம் சண்டைக் காலம். ஆனாலும் பகல் பன்னிரண்டு மணி தொடக்கம் ஒன்றரை மணி வரைக்கும் நான் விண்வெளியில்தான் இருந்தேன்.

எங்கள் வீடு களுவாஞ்சிகுடியில். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வீட்டு முன்னறையில் மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு 'கொம்பியூட்டர் கிளாஸ்' நடத்தினார். காலையில் ஒரு கூட்டம் வந்து தட்டச்சுப் பழகும், பின்னேரம் இன்னொரு கூட்டம் வரும். இடையில் மதியச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு. மூன்றாவது பெட்டி கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. அதற்குள் பழைய சொந்தக்காரர் அழிக்க மறந்துவிட்ட விளையாட்டு ஒன்று இருந்தது. அதன் பெயர் ஆங்கிலத்தில் ஒரு முழ நீளம். வாயில் நுழையாததால் நாங்கள் 'கப்பல்' என்றே சொன்னோம்.

விளையாட்டு மிகவும் எளியது. கறுப்புத் திரையில் இருபது முப்பது நட்சத்திரங்கள். மூலையில் ஒரு நீலப் புள்ளி, அதுதான் வீடு. உங்களுக்கு ஒரு சின்னக் கப்பல், ஒரு தாங்கி எண்ணெய், நூறு நாள் அவகாசம். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகலாம். ஒவ்வொன்றிலும் ஏதாவது கிடக்கும், அல்லது யாராவது இருப்பார்கள். அந்த நூறு நாள் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்கூட எடுக்காது. அடுத்த முறை தொடங்கும்போது அதே நட்சத்திரங்கள் இடம் மாறி, அவற்றில் இருப்பவையும் மாறி, வானம் முழுக்கப் புதிதாக இருக்கும். நூறு முறை போனவரும் அந்த வானத்துக்குப் புது ஆள்தான்.

இந்தச் சுருக்கம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது விளங்குகிறது. சித்தப்பாவிடம் நகரம் கட்டுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது, நாட்கணக்கில் உட்கார்ந்து கட்ட வேண்டியது; அதை நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. கறண்ட் எப்போது போகும், 'றோட்' எப்போது மூடும், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில் யார் நகரம் கட்டுவார்? இருபது நிமிடத்தில் போய்த் திரும்பிவிடும் பயணம் என்றால் நம்பிப் புறப்படலாம். அதோடு, கப்பல் வெடித்துவிட்டால் ஒரேயொரு விசையைத் தட்டினால் போதும், புது வானம், புதுக் கப்பல், தாங்கி நிறைய எண்ணெய். செத்தவர்கள் திரும்பப் பிறப்பார்கள் என்று கோயில் பிரசங்கத்தில் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். இதை முழுக்க நம்பினேன்.

'எங்களை' என்று சொன்னது என்னையும் வசந்தி மச்சாளையும். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வாவிக்கு அந்தக் கரையில் மண்டூரில் இருந்தார். அவருடைய ஒரே மகள் வசந்தி. என்னைவிட நாலு வயது மூப்பு, என்னைவிட நாற்பது மடங்கு நிதானம். அந்த ஆண்டு பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது விசைப்பலகையை அவள் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு கப்பலுக்கு அவள்தான் தலைவி. விளையாட்டு தொடங்கும்போது கப்பலுக்குப் பெயர் கேட்கும். 'வசந்தி' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவோம். தட்டிவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களைப்போல, "போட்டு வாறம்" என்று இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவோம். 'போறம்' என்ற சொல் எங்கள் வீட்டில் ஆகாது.

மச்சாளிடம் இரண்டு விதிகள் இருந்தன. எண்ணெய் பாதியானதும் கப்பலை வீட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும், முன்னால் எவ்வளவு வடிவான நட்சத்திரம் மின்னினாலும் சரி. இரண்டாவது, எந்த நட்சத்திரத்தில் எது கிடந்தாலும் எடுக்கக் கூடாது. எத்தனையோ கிடந்தன: பச்சையாக ஒளிரும் முட்டை, யாரோ விட்டுப்போன இயந்திரம், பாட்டுப் பாடும் கல். எடுக்கவா, விடவா என்று விளையாட்டு கேட்கும். 'விடு' என்பதை மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். எனக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மாவும் வாத்தியாரும் கோயில் ஐயரும் ஒரே வாயாகச் சொல்லிக் கொடுத்தது அதுதானே: "கிடக்கிறதத் தொடாத." மாமி வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த ஒருவன், அறுவடை முடிந்த வட்டையில் மினுங்கிக் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தான், பிறகு இடக்கையால் சாப்பிடப் பழகினான். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. நாங்கள் ஓடிப் பிடித்து விளையாடிய இடம்.

ஆகவே எங்கள் கப்பல் போன மாதிரியே வெறுமையாகத் திரும்பி வரும். வந்ததும் திரையில் ஒரு வரி தோன்றும்: 'பத்திரமாக வீடு திரும்பினீர்கள்.' அந்த ஆங்கிலம் எங்களுக்கு விளங்கும். அதற்குக் கீழே ஒரு சொல்லும், பெரிதாக ஒரு பூச்சியமும். அந்தச் சொல் விளங்கவில்லை. பட்ட சேதத்தின் எண்ணிக்கை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். வானொலிச் செய்தியில் எண்ணிக்கை என்றால் வேறு எதைச் சொல்வார்கள்? பூச்சியத்தைக் கண்டதும் கைதட்டுவோம். இருபத்தேழு முறை பூச்சியம் எடுத்தோம் என்று அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள் சித்தப்பா சோற்றுக் கோப்பையோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"என்னகா இது, இவ்வளவு நாளா விளையாடி ஒரு புள்ளிகூட இல்லயா?"

"அது சேதம், மாமா," என்றாள் மச்சாள். "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல."

சித்தப்பாவுக்குப் புரைக்கேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. "அது புள்ளிகா! கிடக்கிற சாமான எடுத்துக்கு வந்தாத்தான் புள்ளி ஏறும். இந்தக் கேம ஆக்கினவன் உங்களக் கண்டா அழுவான்."

"கிடக்கிறத ஆராவது எடுப்பாங்களா?" என்று மச்சாள் கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க உங்கட மாதிரியே விளையாடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விடுமுறை முடிந்தது. மச்சாள் துறைக்குப் போய், 'பாதை' ஏறினாள். மனிதரையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். ஒரு மாதம் ஆகியிருக்காது, மாமியிடமிருந்து ஆள்மூலம் சேதி வந்தது. அந்தக் கரையில் இயக்கத்துக்காரர் சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார்கள். வசந்தியை உடனே வந்து கூட்டிக்கொண்டு போ, தம்பி.

அப்பா மறுநாள் காலைப் பாதையில் போனார், பின்னேரப் பாதையில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு. மத்தியானம் அந்தப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டது. இந்தக் கரையிலே துறையில் நின்ற இராணுவம் பாதையை நிறுத்திவிட்டது. பின்னேரம் ஒருவரும் வரவில்லை.

மூன்று நாள் அப்படிப் போனது. கிளாஸுக்கும் ஒருவரும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு நேரமும் இரண்டு பேருக்குச் சேர்த்தே சோறு வடித்தா. மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டா. சித்தப்பா என்றைக்கும் இல்லாதபடி, "விளையாடு, மக," என்று தானாகவே பெட்டியைப் போட்டுத் தந்துவிட்டு, பக்கத்தில் கதிரையில் இருந்துகொண்டு திரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

முதல் நாள் வழக்கம்போல் கப்பலுக்கு 'வசந்தி' என்று பெயர் வைத்தேன். மூன்றாவது நட்சத்திரத்தில் யாரோ வந்து சுட்டார்கள். கப்பல் எரிந்து, அந்தப் பெயருக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அத்தனை நாளும் வெடித்ததும் சிரித்துக்கொண்டு விசையைத் தட்டிய பிள்ளைக்கு அன்றைக்கு விரல் எழும்பவில்லை. கடைசியில் பெயரை அழித்துவிட்டு 'கோமதி' என்று என் பெயரைத் தட்டினேன். எரிவதானால் நான் எரிந்துவிட்டுப் போகிறேன். அப்படியே இரண்டு நாள் எரிந்தேன், உடைந்தேன், எண்ணெய் முடிந்து இருட்டில் மிதந்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை. ஒரு கல்லை எடுத்தாலும் அங்கே மச்சாளுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று நானே ஒரு சாத்திரம் கட்டி வைத்திருந்தேன். மச்சாள் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு விசை எது என்று தெரியவில்லை.

நாலாம் நாள் மதியம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து நான் திரும்பவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "ஐயோ, என்ட புள்ள!" என்று ஓடிவந்த பிறகுதான் பார்த்தேன். அப்பா முழங்கால் வரை சேற்றோடு, செருப்பில்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வசந்தி மச்சாள். தலைமயிரெல்லாம் மீன் மணம். கையில் ஒன்றுமில்லை.

"உடுப்பு, புத்தகமெல்லாம் எங்க?" என்று அம்மா கேட்டா. பயம் தெளிந்த கையோடு அம்மாக்கள் கேட்பது இப்படித்தான்.

அப்பா சொன்னார். பாதை ஓடாவிட்டாலும் இறால் பிடிக்கும் தோணிகளை அன்று விடியத்தான் வாவியில் இறங்கவிட்டார்களாம். தெரிந்த மீன்காரர் ஒருவர் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கண்ணாமரங்களின் ஓரமாகக் கொண்டுவந்துவிடச் சம்மதித்தார். ஆனால் மீனுக்குப் போகிறவள் 'பேக்' கொண்டு போக மாட்டாள் என்று சொல்லிவிட்டாராம். மாமி நாலு நாளாக அடுக்கிக் கட்டிய பையைக் கரையிலேயே போட்டுவிட்டு, மச்சாள் வலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள்போலத் தோணியில் குந்தியிருந்து வந்தாள். சின்னப் பயணந்தான், அரைமணி நேரம்கூட இல்லை. மாமியும் மாமாவும் நெல்லை விட்டு வர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர்களும் பின்னால் எல்லாவற்றையும் தாண்டி வந்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மச்சாள் நேரே முன்னறைக்கு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். பாவாடையிலிருந்து வாவித் தண்ணீர் சீமெந்துத் தரையில் சொட்டியது. என் கப்பல் ஏதோ ஒரு தூரத்து நட்சத்திரத்தில் நின்றது.

"எண்ணெய் பாதியாப் போச்சு," என்றாள். "திருப்புகா."

திருப்பினேன். கண் கலங்கி வழி சரியாகத் தெரியவில்லை. அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். நீலப் புள்ளிக்கு வந்து சேர்ந்தோம். 'பத்திரமாக வீடு திரும்பினீர்கள்.' கீழே அந்தப் பூச்சியம். சித்தப்பா திரையையும் மச்சாளின் வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்து, "ஓம் புள்ள, நீ சொன்னதுதான் சரி," என்றார். நான் கொப்பியை எடுத்து இருபத்தெட்டாவது கோட்டைப் போட்டேன்.

இப்போது அந்தப் பெட்டி இல்லை. சண்டை முடிவதற்கு முன்னமே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த விளையாட்டை இணையத்தில் எத்தனையோ தரம் தேடினேன். 'கப்பல்' என்று தேடினால் கப்பல்தான் வருகிறது. துறையில் இறக்கி அடையாள அட்டை பார்க்கும் வரிசையும் இப்போது இல்லை, பையைக் கொட்டிக் காட்டச் சொல்பவர் இல்லை, ஷெல் இல்லை. இல்லாமல் போனவற்றுக்காக ஏங்கி எழுதுவதுதான் வழக்கம் என்று தெரியும். எனக்கு ஏக்கம் வரவில்லை, நிம்மதிப் பெருமூச்சுத்தான் வருகிறது.

வசந்தி மச்சாள் இப்போது மண்டூரில் ஆசிரியை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்து வயது மகள் மடியில் கைக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கறுப்பு வானம், நட்சத்திரங்கள், சின்னதாய் ஒரு கப்பல். வேறு விளையாட்டு, ஆனால் அதே குடும்பம். ஒரு கோளில் இறங்கினாள். தரையில் ஏதோ ஒன்று ஒளிவிட்டுக் கிடந்தது. என்னையறியாமல் என் கை அவள் கையைப் பிடிக்கப் போய்விட்டது; மச்சாள் அந்தக் கையை இடையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"விடுகா," என்றாள். "எடுக்கட்டும்."

பிள்ளை எடுத்துவிட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

"அது என்ன மக?" என்று கேட்டேன்.

"தெரியா மாமி," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மினுங்கிச்சு, எடுத்தன்."