பூசைக்கு நடுவில் பிரியாணி

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். நடவு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் முதலில். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிறகு. சுனாமிக்குப் பின் கடற்கரையை விட்டு வந்தவர்கள் அதற்கும் பிறகு. ஆனாலும் ஒவ்வொரு கூட்டமும் தனக்கு அடுத்து வந்தவர்களைத்தான் 'வந்தவங்க' என்று சொல்லும். இப்போது அந்தப் பெயர் திருத்துறைப்பூண்டி சாலை அரிசி ஆலைகளில் வேலை செய்யும் ஜார்க்கண்டுக்காரர்களுக்கு. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் பூசையில் சரியான இடத்தில் முழங்கால் போடுவார்கள்.

திருவிழா ஞாயிறன்று அவர்களை இந்தியில் வரவேற்கப் பங்குச்சாமி ஆள் தேடினார். என் கணவர் முன்வந்தார். குவைத்தில் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். இந்தி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்.

பூசை முடிந்ததும் சாப்பாடு, எல்லோரும் வாருங்கள். சொல்லவேண்டியது அவ்வளவுதான். பிரசங்கத்துக்கு முன்பு மைக்கைப் பிடித்தவர், வேலைத்தளத்தில் கத்துகிற அதே குரலில் சொன்னார்: "பூஜா கத்தம். கானா. சலோ."

பூசை முடிந்தது, சாப்பாடு, கிளம்புங்கள். பின்வரிசையில் இருந்த ஜார்க்கண்டுக் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. சிலுவை போட்டுக்கொண்டு ஒழுங்காக எழுந்து வெளியே போனது. அதைப் பார்த்த கடற்கரைக்காரர்களுக்குப் பிரியாணி தீர்ந்துவிடுமோ என்ற கவலை. அவர்கள் போக, மற்றவர்களும் போனார்கள். எங்கள் பாடகர் குழுவில் தபேலாக்காரரையும் காணோம்.

"எங்கய்யா போறாங்க?" என்றார் சாமி.

"நம்ம வரவேற்பு புடிச்சுப்போச்சு போலருக்கு சாமி," என்றார் என் கணவர்.

சாமி பூசை உடுப்போடு சாப்பாட்டுப் பந்தலுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். பாதிப் பேர் கையில் கோழிக்கால். ஜார்க்கண்டுக்காரர்கள் இது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்தார்களாம்.

"சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாம நன்மை அப்பம் வாங்க முடியாது," என்றார் சாமி. "அதுவரைக்கும் பிரசங்கம் வைக்கிறேன். உள்ள வாங்க."

எல்லோரும் தலைகுனிந்து திரும்பினார்கள். ஆனால் பாதி நேரத்திலேயே சாமிக்கு விஷயம் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் ஜார்க்கண்டுப் பெண்களைப் பாடும்படி சைகை காட்டினார். வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் வந்தவர்கள், கைகோத்து லேசாக அசைந்தபடி பாடினார்கள். கடற்கரைப் பெண்கள் தாளம் தட்டினார்கள். தபேலாக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். பாட்டு நிற்கவேயில்லை, நேரம் ஆகிவிட்டது என்று சாமிதான் நிறுத்தவேண்டியிருந்தது. எங்கள் குழுவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வெகுநேரம் யோசித்தார்.

"அவங்களுக்குத்தான் இந்தி சரியா வரல," என்றார்.