மூக்கனின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

இத்தாலியின் பதுவா நகரத்து அருங்காட்சியகத்தில், பழைய வெண்கலச் சிலைகளையும் பதக்கங்களையும் துடைத்து மெழுகு பூசுவது லொரெதானாவின் வேலை. தேரை வடிவ மைக்கூடு, ஆட்டுக்கால் விளக்கு, உள்ளங்கைக்குள் அடங்கும் பிரபுக்களின் முகங்கள் எல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். கணவன் தார்சீசியோவை அடக்கம் செய்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. குடிக்கிற காப்பி கசக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. பாவம், அவளுக்கே அதில் கொஞ்சம் பயம்தான்.

"அந்த மூக்கனை எடுத்துக்கடி" என்றாள் கூட வேலை பார்க்கும் இல்தே, பெரிய மூக்குப் பிரபு ஒருவரின் பதக்கத்தைக் காட்டி. "புதுக் கண்ணாடிப் பெட்டிக்குப் போறான். கன்னத்துல இருக்கிற விரல் கறையை எடுத்துடு. எந்தத் தடியன் கையுறை இல்லாமத் தொட்டானோ!"

எந்தத் தடியன் என்று லொரெதானாவுக்குத் தெரியும். தார்சீசியோ அங்கே மின்வேலைக்காரன். ஒருநாள் விளக்கு மாட்ட வந்தவன், ரொட்டி தின்ற கையோடு பதக்கத்தை எடுத்து அவள் முகத்தருகே பிடித்தான்.

"உங்கப்பா மூக்கேதான்! ஐந்நூறு வருஷமா உங்க குடும்பத்துக்கு வேற மூக்கே கிடைக்கலையா?"

"வைய்யா கீழ! கை உப்பு வெண்கலத்தை அரிச்சிடும்."

உடனே துடைத்தாள்தான். ஆனாலும் சில மாதங்களில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக மேலே எழும்பி வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது, 'வேண்டாம், இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆளே போய்விட்டான், கறை இருந்தால் என்ன, போனால் என்ன? பஞ்சை மருந்தில் நனைத்துத் தேய்த்தாள். யாருடைய கையோ தேய்க்கிறதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு கறுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கறுப்பு போயிருந்தது. ரேகை அப்படியே இருந்தது.

இல்தே எட்டிப் பார்த்தாள். "இது போகாதுடி. உலோகத்துலயே இறங்கிடுச்சு. எடுக்கணும்னா கன்னத்தையே சுரண்டணும். மெழுகைப் பூசி விட்டுடு. நாம செத்த பிறகும் இங்கயே இருப்பான், கடன்காரன்!"

"அவரைத் திட்டாதே."

"யாரை?"

"தார்சீசியோவை."

அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. இல்தே அவள் கையிலிருந்த மெழுகுத் தூரிகையை வாங்கிக்கொண்டாள். கண்ணீரிலும் உப்பு உண்டே. பதக்கத்தின்மேல் ஒரு சொட்டும் விழாதபடி தள்ளிப்போய் நின்று அழுதாள் லொரெதானா.